ஆபீஸ் லீஸில் எலெக்ட்ரிக் கார்: ஷோரூமுக்குப் போகும் முன் செய்ய வேண்டியவை

பெங்களூரில் ஐடி வேலையில் இருக்கும் நம்மவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணா, நெக்ஸானா, விண்ட்சரா?" என்றுதான். டாடா நெக்ஸான் EV, எம்ஜி விண்ட்சர் என்ற இரண்டு எலெக்ட்ரிக் கார்களில் எது என்று அர்த்தம். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் சம்பளச் சீட்டை எடுங்கள்.

படி 1: வரி மிச்சமாகுமா?

லீஸில் கார், லீஸிங் கம்பெனியின் பெயரில் இருக்கும். மாத வாடகையை உங்கள் கம்பெனி கட்டிவிட்டு, வரி போடும் முன்பே சம்பளத்தில் கழித்துக்கொள்ளும். 30 சதவீத வரம்பில் இருந்தால் வரி மேல் போடும் செஸ் சேர்த்து 31.2 சதவீதம். மாதம் 30,000 ரூபாய் வாடகைக்கு 9,360 ரூபாய் வரி குறையும். ஆனால் சொந்த வேலைக்கும் ஓட்டுவதால் பெர்க்விசிட் (கம்பெனி தரும் சலுகையின் மதிப்பு) என்று ஒரு தொகையைச் சம்பளத்தில் கூட்டி, அதற்கு வரி பிடிப்பார்கள். அது எவ்வளவு என்று பேரோலில் மெயில் போட்டுக் கேளுங்கள்.

புதிய வரி முறையில் 2025-26 முதல் 12.75 லட்சம் வரை சம்பளத்துக்கு வரியே இல்லை. அதற்குள் இருப்பவர்களுக்கு லீஸால் வரி மிச்சம் கிடையாது. கார் லோனே போதும்.

படி 2: வேலையை விட்டால்?

இதைத்தான் யாரும் படிப்பதில்லை. என் டீமில் இருந்த தம்பி ஒருவர் நான்கு வருட லீஸ் எடுத்து, 14-வது மாதம் வேறு வேலைக்குப் போனார். மிச்ச அசலோடு முன்கூட்டி முடிப்பதற்கான கட்டணமும் கடைசிச் சம்பளக் கணக்கில் வந்து நின்றது. கையெழுத்துப் போடும் முன் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள்: 18-வது மாதம் விட்டால் எவ்வளவு கட்ட வேண்டும், புதுக் கம்பெனிக்கு லீஸை மாற்ற முடியுமா, முடிவில் காரை நாமே வாங்கிக்கொள்ள என்ன விலை. இன்ஷூரன்ஸும் சர்வீஸும் வாடகையில் அடக்கமா என்றும் பார்த்துவிடுங்கள்.

படி 3: பார்க்கிங்கில் பிளக்

அபார்ட்மெண்ட் அசோசியேஷன் அனுமதிக் கடிதம் கைக்கு வராமல் கார் புக் பண்ணாதீர்கள். பேஸ்மெண்டில் உங்கள் இடத்துக்குப் பக்கத்தில் 15 ஆம்பியர் சாக்கெட் இருக்கிறதா, அது எந்த மீட்டரில் ஓடுகிறது என்று பாருங்கள். எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து எர்த்திங் சோதிக்கச் சொல்லுங்கள். முதல் நாள் சார்ஜ் போட்டு ஒரு மணி நேரம் கழித்துப் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் உடனே நிறுத்தி, சாக்கெட்டையும் வயரையும் மாற்றுங்கள்.

இந்தச் சாக்கெட்டில் கிடைக்கும் 3.3 கிலோவாட்டில் 38 யூனிட் (kWh) பேட்டரி காலியிலிருந்து நிரம்பப் பதின்மூன்று, பதினான்கு மணி நேரம் ஆகும். கேட்கவே மலைப்பாக இருக்கும். ஆனால் பெல்லந்தூரிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி போய்வர ஆறேழு யூனிட்தான் செலவு. இரவில் இரண்டரை மணி நேரம் போதும்.

படி 4: இப்போது கார்

கார் கம்பெனி சொல்லும் ரேஞ்சில் (ஒரு முழுச் சார்ஜில் ஓடும் தூரம்) முக்கால் பங்கு கிடைத்தாலே நல்லது. 38 யூனிட் விண்ட்சருக்கு 332, 45 யூனிட் நெக்ஸானுக்கு 489 கிலோமீட்டர் என்கிறார்கள். ஊர் ஓட்டத்துக்கும், அம்மா அப்பா பின் சீட்டில் சாய்ந்து உட்கார்வதற்கும் விண்ட்சர். மாதா மாதம் சேலம், ஈரோடு போகிறவர்களுக்கு என் ஓட்டு பெரிய பேட்டரி நெக்ஸானுக்கே.

காரணம் மேடு. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரம், சேலம் 300-க்கும் கீழே. சேலத்துக்குப் போகும் வழியில் தொப்பூர் இறக்கத்தில் பிரேக் பிடிக்கப் பிடிக்க பேட்டரியில் கொஞ்சம் ஏறும். திரும்பி வரும்போது அத்தனை ஏற்றத்துக்கும் சார்ஜ் கரையும். அதனால் ஞாயிறு சாயங்காலம் கிளம்பும் முன் ஊரிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வழியில் கிருஷ்ணகிரியில் ஒரு ஃபாஸ்ட் சார்ஜரையும் குறித்து வைத்திருங்கள்.