ஊரிலிருந்து சிங்கப்பூர் வருபவர்களுக்கு: நீதிமன்றத்தைக் கீழ்ப்படியிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள்

தொண்டி, தேவிபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, பாம்பன் என்று நம் கரையிலிருந்து சிங்கப்பூர் வந்து இறங்குகிறவர்கள், தங்கும் அறை முதல் ஊருக்குப் பணம் அனுப்பும் கடை வரை எல்லாவற்றையும் விசாரித்து வைத்துக்கொள்கிறார்கள். வழக்கு என்று ஒன்று வந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதை மட்டும் சிக்கல் முற்றிய பிறகுதான் கேட்கிறார்கள். அதற்குள் பலருக்குக் கெடு முடிந்துவிடுகிறது.

ஊர்ப் பழக்கம் நம்மை மேலேயே பார்க்க வைத்திருக்கிறது. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு. அதிலும் ஆகாவிட்டால் "மதுரை ஹைகோர்ட்டுக்கே போய்விடுவேன்" என்கிறோம். இங்கே உங்களுக்கு மிக முக்கியமானது அடிப்படியில் இருக்கும் மன்றம்தான். சாட்சியைக் கேட்பதும், காகிதத்தைப் புரட்டுவதும், யார் சொல்வது உண்மை என்று முடிவு செய்வதும் அங்கேதான். மேலே இருப்பவர்கள் பெரும்பாலும் கீழே எழுதப்பட்டதை வைத்தே பேசுவார்கள்.

முதலில் பெயர்க் குழப்பம் தீர வேண்டும். ராமநாதபுரம் மாவட்ட நீதிமன்றம் என்றால் கொலை வழக்கு வரை விசாரிக்கும் பெரிய இடம். சிங்கப்பூரில் மாவட்ட நீதிமன்றம் அப்படியல்ல. சிவில் வழக்கில் 60,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், 250,000 வெள்ளி வரை மாவட்ட நீதிமன்றம். இரண்டும் அரசு நீதிமன்றங்கள் என்ற பிரிவுக்குள், சைனாடவுன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள உயரமான கட்டடத்தில் இருக்கின்றன. கொலை வழக்கு நேராக உயர் நீதிமன்றத்துக்குப் போகும். உச்ச நீதிமன்றம் என்ற பெயரும் டெல்லியில் இருப்பதுபோல ஒரே மன்றத்தைக் குறிப்பதல்ல. உயர் நீதிமன்றமும் அதற்கு மேலுள்ள மேல்முறையீட்டு நீதிமன்றமும் சேர்ந்ததுதான் இங்கே உச்ச நீதிமன்றம். உயர் நீதிமன்றத்துக்குள்ளும் 2021 முதல் பொதுப் பிரிவு, மேல்முறையீட்டுப் பிரிவு என்று இரண்டு உண்டு. குடும்ப வழக்குகளுக்குத் தனி நீதிமன்றங்கள்.

நம் ஆட்களுக்கு அதிகம் வருவது சம்பளத் தகராறு. அதற்கு வேலை நியமன உரிமைகோரல் நடுவர் மன்றம் இருக்கிறது. நேராக அங்கே போக முடியாது. முதலில் சமரசப் பேச்சு. நம் ஊர்களில் ஜமாஅத்திலோ ஊர்க் கூட்டத்திலோ இரு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவதுபோல, இங்கே சமரசம் செய்பவர் ஒருவர் உட்கார்ந்து பேசுவார். முடிந்தால் அங்கேயே முடியும். முடியாவிட்டால் ஒரு சான்றிதழ் தருவார்கள். அது கையில் கிடைத்த 4 வாரத்துக்குள் நடுவர் மன்றத்தில் பதிவு செய்ய வேண்டும். வக்கீல் வைத்துக்கொள்ள அனுமதி இல்லை, முதலாளிக்கும் இல்லை. பொதுவாக 20,000 வெள்ளி வரை கேட்கலாம்.

சமரசத்துக்கு முறையிடும் கெடுவைக் கவனியுங்கள். வேலையில் இருந்துகொண்டே முறையிடுவதானால், சம்பளம் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து 6 மாதம். வேலையை விட்டுவிட்டால் கடைசி வேலைநாளிலிருந்து ஒரே மாதம். "அடுத்த மாசம் சேர்த்துத் தருகிறேன்" என்ற வாய்வார்த்தையை நம்பிக் காத்திருந்து, உழைத்த காசை இழந்தவர்களைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

வாயால் சொன்னதை நடுவரிடம் எப்படிக் காட்டுவீர்கள்? சம்பளச் சீட்டை இனம் இனமாகப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்பது 2016 ஏப்ரல் முதல் இங்கே சட்டம். அடிப்படைச் சம்பளம், கூடுதல் நேரம், பிடித்தம் மூன்றும் தனித்தனியாக இருக்கிறதா என்று மாதாமாதம் பாருங்கள். சீட்டு, வேலை நேர அட்டை, மேற்பார்வையாளர் அனுப்பிய செய்தி எல்லாவற்றையும் படம் எடுத்து, ஊரில் இருக்கும் அண்ணனுக்கோ மனைவிக்கோ அன்றே அனுப்பிவிடுங்கள். கைபேசி தொலைந்தாலும் சாட்சி தொலையாது. நடுவர் மன்றத் தீர்ப்பின்மேல் உயர் நீதிமன்றம் போகவும் முன் அனுமதி வேண்டும். அதுவும் சட்டக் கேள்வி இருந்தாலோ, அந்த மன்றத்துக்கு அதிகாரமே இல்லை என்றாலோதான். விட்டுப்போன சீட்டை அங்கே நீட்டலாம் என்று எண்ண வேண்டாம்.

மேல்மன்றங்களின் பெரிய வேலை வேறு. அவை சொல்லும் சட்டம் கீழே உள்ள அத்தனை நீதிபதிகளையும் கட்டும். இதற்குச் சான்று நம் மண்ணிலேயே இருக்கிறது. ராமநாதபுரம் ராணி பர்வதவர்த்தினி நாச்சியார், மறைந்த கணவரின் அனுமதி இல்லாமல், உறவினர் சம்மதத்தோடு தத்தெடுத்தார். அது செல்லாது என்று அரசு தரப்பில் மதுரைக் கலெக்டர் நின்றார். வழக்கு மதுரையிலிருந்து சென்னை உயர் நீதிமன்றத்துக்கும், அங்கிருந்து பிரிட்டிஷ் ஆட்சியில் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்கும் போனது. 1868-இல் தத்து செல்லும் என்று தீர்ப்பானது. தெளிவாக நிரூபிக்கப்பட்ட வழக்கம், எழுதிய சாத்திரத்தைவிட வலியது என்றார்கள். தென்னிந்தியாவில் பிள்ளையில்லாத எத்தனையோ விதவைகளின் வழக்கை அந்த ஒரு தீர்ப்பு வழிநடத்தியது. நம் கரையின் ஒரு குடும்பத் தகராறு அத்தனை பேருக்கும் சட்டமானது எனக்குப் பெருமைதான்.

அதே லண்டன் வாசல்தான் சிங்கப்பூருக்கும் 1994 வரை கடைசிப் படியாக இருந்தது. இந்தியா 1949-லேயே அதை விட்டுவிட்டது. இன்று இங்கே மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்வதே முடிவு. இந்திய உச்ச நீதிமன்றத் தீர்ப்பை இங்கே எடுத்துக்காட்டலாம், ஆனால் அது யாரையும் கட்டாது. இரண்டு நாட்டுக்கும் குற்றவியல் சட்டத்தின் வேர் பிரிட்டிஷ் காலத்து இந்தியத் தண்டனைச் சட்டம்தான்: இந்தியாவில் 2024-இல் புதுச் சட்டம் வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன, இங்கே ஏமாற்று வழக்குக்கு இன்னமும் 420-ஆம் பிரிவு இருக்கிறது.

குற்ற வழக்கு என்றால் இன்னொரு எச்சரிக்கை. தமிழ் இங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று, நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலம் பாதி புரிகிறது என்று தலையாட்டிக் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடாதீர்கள். முதல் நாளே, பெயரைக் கூப்பிட்டதும் தமிழ் வேண்டும் என்று சொல்லுங்கள். அரசு நீதிமன்றம் தண்டனை விதித்தால் மேல்முறையீட்டு அறிவிப்புக் கொடுக்க 14 நாள்தான். கடைசித் தேதி எது என்று மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருக்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.