ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஃபிரேம் ஸ்லைடர்: போல்ட்டைப் பார்த்து வாங்குங்க

என் யமஹா ஆர்15-ல் ஸ்லைடர் (பைக் விழும்போது ஃபேரிங் அடிபடாமல் இருக்க, எஞ்சின் மவுண்டில் போல்ட் போட்டு இரு பக்கமும் மாட்டும் உருளை) மாட்டியதிலிருந்து "எது வாங்கினீங்க, யார் மாட்டினாங்க" என்று ஆளாளுக்குக் கேட்கிறார்கள். ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். ஃபேரிங்கை, அதாவது பைக்கை மூடியிருக்கும் பிளாஸ்டிக் உறையை, கழற்றி மாட்டத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதல் கேள்வி எப்போதும் இதுதான்: கம்பி லெக் கார்டு போடலாமா? சாதாரண பைக்குக்குத் தாராளமாகப் போடலாம். ஃபேரிங் உள்ள பைக்குக்கு என் ஓட்டு ஸ்லைடருக்குத்தான். வேகத்தில் விழும்போது பைக் வழுக்கிக்கொண்டே போய் நிற்பதுதான் நல்லது. வளைந்த கம்பி ரோட்டில் எதிலாவது மாட்டினால் வண்டி குட்டிக்கரணம் போடும். அந்த இழுப்பு முழுவதும் ஃபிரேமில் போய் இறங்கும். ஸ்லைடரும் சென்டர் மீடியன் விளிம்பில் இடித்தால் இதே கதிதான், ஆனால் வாய்ப்பு குறைவு. இரண்டில் எதுவும் உங்கள் காலைக் காப்பாற்றாது. காலுக்கு பூட்ஸ்தான்.

உருளை டெல்ரின் என்ற கடினமான பிளாஸ்டிக்கிலோ நல்ல நைலானிலோ இருக்கட்டும். முழு அலுமினிய உருளை பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அடியை அப்படியே ஃபிரேமுக்குக் கடத்தும். போல்ட்டின் தலை உருளைக்குள் நன்றாக இறங்கியிருக்க வேண்டும். மேலாகவே நின்றால் பிளாஸ்டிக் கொஞ்சம் தேய்ந்ததும் இரும்பு தார் ரோட்டைத் தொட்டுவிடும். நீளத்தைப் பார்க்க ஒரு நேரான குச்சி போதும். ஒரு முனையை ஹேண்டில்பார் நுனியிலும் நடுப்பகுதியை ஸ்லைடரிலும் வையுங்கள். ஃபேரிங் குச்சிக்கு உள்ளே அடங்கினால் சரி. அதற்கும் மேல் நீட்டிக்கொண்டிருப்பது வீண், நெம்புகோல் மாதிரி போல்ட்டை வளைக்கத்தான் உதவும்.

ஃபேரிங்கில் ஓட்டை போடாமல் மாட்டும் கிட்டுகளும் உண்டு. பிராக்கெட் வைத்து ஸ்லைடரை வேறு இடத்துக்கு நகர்த்தியிருப்பார்கள். பிராக்கெட் எவ்வளவு நீளமோ அவ்வளவு சுலபமாக வளையும். நான் ஓட்டை போட்டு நேராக மாட்டும் கட்சி.

இனி போல்ட். கிட்டில் வரும் போல்ட், எஞ்சினை ஃபிரேமோடு பிடித்திருக்கும் பழைய எஞ்சின் மவுண்ட் போல்ட்டின் இடத்தில்தான் உட்காரப் போகிறது. எஞ்சினைத் தாங்கப்போவதும் அதுவே. தலையில் 8.8 அல்லது 10.9 என்று வலிமைத் தரம் பொறித்திருக்கிறதா பாருங்கள். பளபளவென்று எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) போல்ட் கொடுத்தால் வாங்காதீர்கள். ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஏ2-70 என்ற எஸ்.எஸ். ரகத்தின் இழுவிசை வலிமை 700 மெகாபாஸ்கல், 8.8-க்கு 800. வளையத் தொடங்கும் அளவில் வித்தியாசம் இன்னும் பெரிது: 450-க்கு 640.

அடுத்தது மரை. நிறைய பேர் சிக்கும் இடம் இதுதான். ஜப்பானிய பைக்குகளில் 10 மி.மீ. போல்ட்டுக்குப் பெரும்பாலும் 1.25 மி.மீ. பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம்). கடையில் "10 எம்.எம். போல்ட்" என்று கேட்டால் எடுத்துத் தருவது 1.5. இரண்டும் முதல் சுற்று, இரண்டாம் சுற்று வரை கையாலேயே ஏறும். அப்புறம் ஸ்பேனர் போட்டு இறுக்கினால் அலுமினிய ஃபிரேமின் மரை காலி. பழைய போல்ட்டைக் கையோடு கொண்டுபோய், புதியதன் பக்கத்தில் மரையோடு மரை பொருத்திப் பாருங்கள். இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தால்தான் அதே பிட்ச். நீளமும் முக்கியம்: அலுமினியத்துக்குள் குறைந்தது 15 மி.மீ. மரையாவது ஏற வேண்டும்.

மாட்டும்போது எஞ்சின் ஆறியிருக்கட்டும். பேடாக் ஸ்டாண்டில் (சக்கரத்தைத் தூக்கி பைக்கை நேராக நிறுத்தும் ஸ்டாண்ட்) நிறுத்தி, எஞ்சினுக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியை லேசாகத் தொடும் அளவுக்கு ஏற்றுங்கள். சைலன்சர் பைப்பின் மேல் முட்டுக் கொடுக்காதீர்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும். பழைய போல்ட் இறுகியிருந்தால் ஜாக்கியை இம்மி இம்மியாக ஏற்றி இறக்குங்கள், எடை சரியாகும் இடத்தில் அது விரலுக்கே வந்துவிடும். சுத்தியலுக்கு இங்கே வேலையில்லை. புதியதையும் கையாலேயே பாதிக்கு மேல் ஏற்றுங்கள். ஏறவில்லை என்றால் ஓட்டைகள் நேராக இல்லை என்று அர்த்தம், ஜாக்கியைச் சரி செய்யுங்கள்.

இறுக்க டார்க் ரெஞ்ச், அதாவது இறுக்கும் விசையை (டார்க்) அளந்து காட்டும் ஸ்பேனர், வேண்டும். அளவு உங்கள் பைக்கின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும். "கை அளவு தெரியும்" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் இந்த ஒரு வேலையைக் கொடுக்காதீர்கள். மரையில் கிரீஸ் வேண்டாம், அதே அளவு டார்க்கில் போல்ட் கூடுதலாக இழுபடும். ஃபேரிங்கைத் திருப்பி மாட்டியதும் ஓட்டையைச் சுற்றி 5 மி.மீ.யாவது இடைவெளி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அதிர்வில் ஓட்டை விளிம்பிலிருந்து விரிசல் கிளம்பும். சில நாள் ஓட்டிய பிறகு டார்க்கை இன்னொரு முறை பாருங்கள்.

பின்சேர்க்கை: கமெண்டில் ஒரு நண்பர், தன் பைக்கில் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே நீள போல்ட்தான் என்றார். அப்படியானால் பழையதை முழுசாக உருவிவிடாதீர்கள். அதே விட்டமுள்ள ஒரு கம்பியால் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வெளியேற்றுங்கள். புதிய போல்ட்டால் அந்தக் கம்பியைத் தள்ளி வெளியே எடுங்கள். எஞ்சின் ஒரு நொடிகூடப் பிடிமானம் இழக்காது.

இன்னொருவர், விழுந்த பிறகு உருளையை மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்டிருந்தார். போதாது. போல்ட்டைக் கழற்றிக் கண்ணாடி மேல் உருட்டுங்கள். தத்தித் தத்தி உருண்டால் வளைந்திருக்கிறது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள். நேராக உருண்டாலும், அடி பலம் என்றால் நான் மாற்றிவிடுவேன்.