மனநல மருத்துவத்தை இணையவழியில் கற்பிக்கும் முறை

எம்.பி.பி.எஸ். மாணவர்களுக்கு மனநல மருத்துவத்தை இணையவழியில் கற்பிக்க முனையும் ஆசிரியர், ஒரு மணி நேர விரிவுரையை அப்படியே திரைக்கு மாற்றுவதைத் தவிர்க்க வேண்டும். நோய் வகைப்பாடு, மருந்துகளின் பக்கவிளைவுகள் போன்றவற்றைப் பத்து நிமிடக் காணொளிகளாக முன்கூட்டியே அனுப்பிவிட்டு, நேரலை வகுப்பை நேர்காணல் பயிற்சிக்கே ஒதுக்குவது நல்லது.

நால்வர் கொண்ட சிறு குழுக்கள் போதும். ஒருவர் நோயாளியாக நடிக்க, மற்றொருவர் வினவ, ஏனைய இருவரும் தோற்றம், நடத்தை, பேச்சு, உணர்வுநிலை, சிந்தனை, புலனுணர்வு, அறிதிறன், தன் நோயைப் பற்றிய புரிதல் என்ற வரிசையில் தாம் கண்டதைக் குறித்துக்கொண்டு பின்னர் ஒப்பிட வேண்டும். தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்கத்தான் மாணவர்கள் பெரிதும் தயங்குவார்கள், கேட்பதே அந்த எண்ணத்தை விதைத்துவிடும் என்ற அச்சம் தவறானது என விளக்கி, "வாழ்ந்து என்ன பயன் என்று தோன்றியதுண்டா?" என்பதில் தொடங்கி, திட்டம், வழிவகை, முந்தைய முயற்சி வரை வாய்விட்டுக் கேட்கப் பழக்க வேண்டும். கேமராவை அணைத்துவிட்டு ஒதுங்கியிருப்பவரையும் இந்தப் பயிற்சிக்கு அழைத்து வந்தாக வேண்டும்.

உண்மையான நோயாளியின் பதிவைக் காட்ட நேர்ந்தால், 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அவருக்குத் தம் விவரங்கள் இரகசியமாகக் காக்கப்படும் உரிமையை அளித்திருப்பதை மறவாமல், எழுத்துவழி ஒப்புதல் பெற்று, பதிவிறக்க வசதியை முடக்கிவைக்க வேண்டும். என் கருத்தில், நடித்துப் பதிவு செய்த காட்சியே பாதுகாப்பானது.

ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்துகளால் உண்டாகும் தசை விறைப்பைக் கையால் தொட்டுத்தான் உணர முடியும் என்பதால், அதற்கு மாணவர்களை வார்டுக்கே அனுப்ப வேண்டும்.