வேதம் வாசிக்கும்போது நாம் செய்கிற தவறுகள்

காலையில் வேதத்தை, அதாவது பைபிளைத் திறந்ததும் நம்மில் பலர் தேடுவது, இன்றைக்குத் தேவன் எனக்குத் தரும் வாக்குத்தத்தம் (வாக்குறுதி) என்ன என்பதைத்தான். ஆறுதல் தேடுவதில் தவறே இல்லை. ஆனால் அப்போஸ்தலன் பவுல், தீமோத்தேயுவுக்கு எழுதின கடிதத்தில் (2 தீமோத்தேயு 3:16) வேதம் எதற்குப் பிரயோஜனம் என்று சொல்லும்போது உபதேசம், கடிந்துகொள்ளுதல், சீர்திருத்தல், நீதியைப் படிப்பித்தல் என்று நான்கைச் சொல்கிறார், அதில் இரண்டு நேரடியாக நம்மைத் திருத்துவதற்கு. அதைக் கேட்க மனமில்லாமல் வாசித்தால் வேதத்தில் பாதி நம் காதில் விழாமலே போய்விடும்.

பெரிய தவறு என்று நான் நினைப்பது, ஒரு வசனத்தை மட்டும் தனியாகப் பிய்த்து எடுத்துக்கொள்வது. உங்களுக்காக நான் நினைக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்று தேவன் சொல்லும் எரேமியா 29:11 நிறைய பேருக்கு மனப்பாடம். அதற்கு முந்தின வசனத்தை வாசியுங்கள், பாபிலோனில் 70 வருஷம் முடிந்த பிறகுதான் திரும்ப வருவீர்கள் என்று இருக்கிறது! சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எழுதின கடிதம் அது, அதைக் கேட்ட பெரியவர்களில் பலர் அந்த நாளைப் பார்த்திருக்கவே முடியாது. அதுவரை என்ன செய்வது? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறது அதே கடிதம். இப்படி முழுசாக வாசித்தால் வசனத்தின் பலம் கூடத்தான் செய்கிறது, ஏனென்றால் கேட்டது கிடைக்காத வருஷங்களிலும் தேவன் நம்மை நினைக்கிறார் என்று அது சொல்கிறது. கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு என்கிற பிலிப்பியர் 4:13-ம் அப்படித்தான், பவுல் காவலில் கட்டுண்டிருந்தபோது, பசியிலும் நிறைவிலும் மனரம்மியமாக இருக்கக் கற்றுக்கொண்டதைப் பற்றி எழுதினது. முன்னும் பின்னும் பாராமல் எடுக்கிற வசனம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு மத்தேயு 4 போதும், அங்கே இயேசுவைச் சோதித்த பிசாசும் வேதத்திலுள்ள சங்கீதத்திலிருந்துதான் பேசினான்.

அப்புறம் கணக்கு. வேதத்தின் 1189 அதிகாரங்களை ஒரு வருஷத்தில் முடிக்க தினமும் மூன்று, நான்கு வாசிக்க வேண்டும். நல்ல பழக்கம்தான், ஆனால் பலி, சட்டங்கள் என்று போகும் லேவியராகமப் புத்தகத்தில் சில நாள் விட்டுப்போனதும் குற்ற உணர்வில் மொத்தமாக நிறுத்திவிடுகிறோம். விட்டதை விட்டுவிடுங்கள், இன்றைக்குரியதை வாசியுங்கள், ஒரே அதிகாரமானாலும் சரி.

புரியாததைக் கேட்க வெட்கப்பட வேண்டாம். அப்போஸ்தலர் 8-ல் வேதம் வாசித்துக்கொண்டிருந்த எத்தியோப்பிய மந்திரி, யாராவது சொல்லித்தராவிட்டால் எனக்கு எப்படிப் புரியும் என்று இயேசுவைப் பற்றிப் பிரசங்கித்துவந்த பிலிப்புவிடம் வெளிப்படையாகவே கேட்டார்.

இன்னொன்று, இந்த வசனம் அவருக்குத்தான் சரியாகப் பொருந்தும் என்று மனசு வேறு யாரையாவது காட்டினால் அங்கேயே நின்று, எனக்கு இதில் என்ன என்று கேளுங்கள். மன்னிப்பைப் பற்றி வாசித்த அன்று, பேசாமல் ஒதுக்கிவைத்திருக்கும் அந்த ஒருவருக்கு நீங்களே முதலில் போன் பண்ணுங்கள்.