ஸ்பிட்ஃபயர் என்கிறார்கள், ஹெரால்டு நிற்கிறது

போன ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, சென்னையிலிருந்து அக்கா மகன் ஒரு விளம்பரத்தை அனுப்பினான். "1965 ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், ஒரிஜினல் இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார், 948 சிசி, மன்னார்குடி பக்கம், ஒன்பது லட்சம்." கீழே அவன் எழுதியிருந்தது: "மாமா, கும்பகோணத்திலிருந்து உங்களுக்குக் கிட்டதானே, போய்ப் பார்த்துட்டு அட்வான்ஸ் குடுத்துடுங்க."

சிவப்பு வண்டி, மேலே கூரை இல்லை, பின்னால் வாழைத்தோப்பு. படம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த ஒரு வரி விளம்பரத்திலேயே வண்டி காட்டிக்கொடுத்துவிட்டது. ஸ்பிட்ஃபயர் 1962-ல் வந்தபோதே 1147 சிசி. அப்புறம் 1296, கடைசியில் 1493. 948 சிசியில் ஸ்பிட்ஃபயர் என்று ஒன்றைத் தொழிற்சாலை செய்ததே கிடையாது. 948 என்றதும் எனக்கு நினைவுக்கு வருவது ஸ்டாண்டர்டு ஹெரால்டு. ட்ரையம்ஃபின் ஹெரால்டையே ஸ்டாண்டர்டு என்ற பெயரில் 1961 முதல் மெட்ராஸில் செய்த வண்டி. என் அப்பா ஒரு மிராசுதார் வீட்டில் அதை இருபது வருஷம் ஓட்டினார், பழுதும் அவரே பார்த்தார். நான் லேத் பட்டறை வைத்ததே அந்த வண்டிக்கு புஷ் கடைந்து கொடுத்த பழக்கத்தில்தான்.

ஏமாறுவதில் அதிசயம் இல்லை. இரண்டையும் வரைந்தவர் ஒருவரே, இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. ஸ்பிட்ஃபயரே ஹெரால்டின் சேசிஸை, அதாவது அடிச்சட்டத்தை, குறுக்கி அதன்மேல் கட்டியதுதான். இரண்டிலும் பானெட் மட்காடோடு சேர்ந்து முன்பக்கம் மொத்தமாகக் கவிழ்ந்து திறக்கும். போதாததற்கு, ஹெரால்டின் கூரை போல்ட்டில் நிற்பது. ஸ்பானரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தால் கழற்றிவிடலாம். கூரை போன ஹெரால்டைச் சிவப்பில் குளிப்பாட்டினால், இதைப் பார்த்துப் பழகாதவர்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார்தான்.

சரி, வீட்டில் உட்கார்ந்தபடியே எப்படிப் பிரிப்பது? விளம்பரத்தில் எழுதியிருப்பதை ஒதுக்கிவிட்டுப் படத்தை அளந்து பாருங்கள். ஹெரால்டின் முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை 91½ அங்குலம். ஸ்பிட்ஃபயருக்கு 83. எட்டரை அங்குலத்தை எந்த பெயிண்டாலும் மறைக்க முடியாது.

விற்பவரிடம் பக்கவாட்டுப் படம் ஒன்று கேளுங்கள். கதவுக்கு நேர் எதிரே, இருபது தப்படி தள்ளி நின்று, ஜூம் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். கிட்ட நின்று எடுத்தால் போன் கேமரா ஓரங்களை இழுத்துவிடும், அளவு பொய் சொல்லும். படம் வந்ததும் திரையில் பெரிதாக்கி, ஒரு காகிதத் துண்டை டயர்மேல் வைத்து அதன் குறுக்களவைக் குறித்துக்கொள்ளுங்கள். குறுக்கே அளக்கவும், மேலிருந்து கீழாக வேண்டாம். வண்டி பாரத்தில் டயர் அடியில் சப்பியிருக்கும். பிறகு அந்தத் துண்டை மையத்திலிருந்து மையத்துக்கு வரிசையாக வைத்துக்கொண்டே போங்கள். இரண்டுக்கும் 13 அங்குல ரிம்தான், அதற்குரிய பழைய அளவு டயர் சுமார் 22½ அங்குலம் வரும். நாலு டயரும் கொஞ்சமும் பிடித்தால் ஹெரால்டு. மூன்றே முக்காலுக்குள் முடிந்துவிட்டால் ஸ்பிட்ஃபயராக இருக்க வாய்ப்பு உண்டு. அழகுக்காகக் கொழுத்த டயர் போட்டிருந்தால் கணக்கு மாறும், ஆகவே டயர் ஓரத்து எண்ணையும் ஒரு படம் கேட்டுவிடுங்கள்.

மன்னார்குடி வண்டிக்கு நாலேகால் வந்தது. கேமரா கொஞ்சம் கோணலாக இருந்தாலும் மூன்றேமுக்கால் நாலேகால் ஆகாது.

அளவு சரியாக வந்தாலும் உடனே பணம் போட்டுவிடாதீர்கள். ஹெரால்டு சேசிஸை நடுவில் எட்டரை அங்குலம் வெட்டி வெல்டு வைப்பவர்களும் இருக்கலாம். அது அடுத்த பாலத்து ஏற்றத்தில் இரண்டாகப் போகும் சங்கதி. வண்டியைத் தூக்கி நிறுத்தி அடிவயிற்றைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். ஹெரால்டில் நடு முதுகெலும்பிலிருந்து பக்கவாட்டில் கைகள் நீண்டு, கதவுக்குக் கீழே நெடுகப் போகும் சட்டத்தைப் பிடித்திருக்கும். ஸ்பிட்ஃபயரில் அந்தப் பக்கச் சட்டம் கிடையாது. அங்கே கதவுக்கடியில் இருக்கும் தகரப் பெட்டிதான், அதாவது சில், பாரம் தாங்குகிறது. பின் சக்கரத்தை முன்பக்கம் இழுத்துப் பிடிக்கும் ரேடியஸ் ஆர்ம் ஹெரால்டில் சேசிஸில் முடியும், ஸ்பிட்ஃபயரில் உடம்பின் தரையில் முடியும். அந்த ஒரு முனையின் படம் கிடைத்தால் போதும், எனக்கு மற்றது எதுவும் வேண்டாம்.

இதனாலேயே உண்மையான ஸ்பிட்ஃபயர் கிடைத்தால் முதலில் தட்டிப் பார்க்க வேண்டியது சில்தான். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடல் காற்றில் நின்ற வண்டியென்றால் காந்தத்தோடு போங்கள். காந்தம் ஒட்டாத இடத்தில் புட்டி இருக்கிறது. கதவுக்கும் பின் மட்காடுக்கும் நடுவிலுள்ள இடைவெளி மேலே குறுகிக் கீழே அகன்றிருந்தால் உடம்பு நடுவில் தொய்ந்துவிட்டது என்று அர்த்தம்.

வருஷத்தையும் உருவத்தையும் பொருத்திப் பார்ப்பது சுலபம். ஸ்பிட்ஃபயரின் முதல் மூன்று மாடல்களுக்கும் பின்பக்கம் உருண்டை. 1967-ல் வந்த மூன்றாவது மாடலில் முன் பம்பர் மேலே ஏறி, கிரில்லை மறித்தாற்போல நிற்கும். 1970-ல் வந்த நான்காவதில்தான் பின்புறம் வெட்டிவிட்டாற்போல ஆனது. ட்ரையம்ஃப் காரின் எண்ணைக் கமிஷன் நம்பர் என்பார்கள். முதல் இரண்டு மாடலுக்கு எஃப்சி, மூன்றாவதற்கு எஃப்டி, நான்காவதற்கு எஃப்ஹெச் என்று தொடங்கும். தகட்டுக்குத் துரு, ரிவெட் மட்டும் பளபள என்றிருந்தால் அந்தத் தகடு எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

ஆர்சி புத்தகத்தில் தயாரிப்பாளர், சிசி, சேசிஸ் எண் மூன்றையும் படித்துவிட்டு, சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த காகிதத்தையும் கேளுங்கள். தருகிறேன் தருகிறேன் என்று நாள் கடத்தினால் விட்டுவிடலாம்.

இன்னொன்று, "விண்டேஜ் நம்பர் வாங்கிக்கலாம் சார்" என்பார்கள். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த விதிப்படி 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு விஏ என்ற எழுத்தோடு எண் உண்டுதான். ஆனால் சேசிஸ், உடம்பு, எஞ்சின் பெரிதாக மாற்றப்படாமல் பழைய வடிவிலேயே இருக்க வேண்டும். கூரையைக் கழற்றிய வண்டியை அங்கே கொண்டுபோய் நிறுத்தி என்ன சொல்வது?

எம்ஜி என்ற இன்னொரு இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார் விஷயத்தில் எனக்கே ஒரு அடி விழுந்திருக்கிறது. 1948 எம்ஜி டிசி என்று வெளிமாநிலத்துத் தரகர் ஒருவர் அனுப்பிய படத்தை நம்பி இருபதாயிரம் அட்வான்ஸ் போட்டேன். எல்லாப் படமும் முன்பக்கமே. நேரில் போய் பானெட்டைத் திறந்தால் உள்ளே ஸ்டெப்னி படுத்திருக்கிறது. எஞ்சின் பின்னால், ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுடையது. உடம்பு முழுக்க ஃபைபர். அன்று தெரியாததை இன்று சொல்கிறேன்: டிசிக்கு 19 அங்குலக் கம்பிச் சக்கரம், அதற்குப் பிறகு 1950-ல் வந்த டிடிக்கு 15 அங்குலச் சக்கரம். ஆகவே சின்ன சக்கரத்தோடு நிற்கும் டிசியைச் சந்தேகப்படலாம். உண்மையான உடம்புக்குள் ஆஷ் மரச் சட்டம் இருக்கும், கதவைத் திறந்தால் மரத்தில் இறங்கிய திருகாணி தெரியும். எஞ்சினில் மரைகள் மெட்ரிக், போல்ட் தலைகளோ விட்வொர்த் என்ற பழைய இங்கிலாந்து அளவு. அந்த விசித்திரத்தைப் பட்டறைக்காரன் கையில் ஸ்பானர் எடுத்ததும் உணர்ந்துவிடுவான். டிசியின் சேசிஸ் எண்கள் 0251-ல் தொடங்கியதற்குக் காரணம் எம்ஜியின் அபிங்டன் தொழிற்சாலையின் தொலைபேசி எண் 251 என்பதுதான். யாராவது 0107 என்று காட்டினால் சிரித்துக்கொள்ளலாம்.

ஆஸ்டின்-ஹீலி ஸ்ப்ரைட், எம்ஜி மிட்ஜெட் என்ற இரண்டு சின்ன ஸ்போர்ட்ஸ் கார்களின் குழப்பத்தைப் பெரிதாக எடுக்காதீர்கள். 1961-லிருந்து அவை இரண்டும் ஒரே வண்டி, பெயர்ப்பலகைதான் வேறு.

மழை விட்டதும் மன்னார்குடிக்குப் போய்வந்தேன். கதவுக்குப் பின்னால் விரலை ஓட்டினால் பெயிண்டுக்கடியில் மேலிருந்து கீழாக ஒரு வெல்டு தட்டுப்பட்டது. பின் கதவை வெல்டு வைத்து மூடியிருக்கிறார்கள். நாலு கதவு ஹெரால்டு இங்கிலாந்தில் வந்ததே இல்லை, அது நம்மூர்ச் சரக்கு. 1965-ம் இல்லை, அதற்குப் பிறகு வந்தது. விற்பவர் பொய்யர் என்று சொல்ல மாட்டேன். "மாமனார் அப்படித்தாங்க சொன்னாரு" என்றார், முகம் சுண்டிப்போய்.

எஞ்சின் அருமையாக ஓடியது. தெருவிலேயே ஒடித்துத் திருப்பிக் காட்டினார். 25 அடியில் திரும்பும் வண்டி, அப்பா கோயில் வீதியில் திருப்புவது போலவே இருந்தது. ஹெரால்டு விலைக்குக் கேட்டேன், அக்கா மகனும் போனில் சரி என்றான். அவர் யோசித்துச் சொல்கிறேன் என்றார்.

நேற்று அந்த விளம்பரத்தைத் திறந்து பார்த்தேன். தலைப்பை மாற்றியிருக்கிறார்: "ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஹெரால்டு, 948 சிசி." விலை ஒன்பதேகால் லட்சம்.