வெளுத்துப்போன ஃபைபர் வள்ளத்துக்குப் பழைய கலரைக் கொண்டு வர்றது எப்படி

பாம்பன், மண்டபம் பக்கம் கரையேத்தி வச்சிருக்கிற ஃபைபர் வள்ளத்துல கைய வச்சுத் தேச்சுப் பாருங்க, மாவு மாதிரி வெள்ளையா ஒட்டும். அது உப்பு இல்லங்க, வெயில் பட்டுப் பட்டு ஜெல் கோட்டோட, அதாவது ஃபைபர் மேல பூசியிருக்கிற கலர் பிசின் பூச்சோட, மேல்பக்கம் செத்து உதிருது. நம்ம ஆளுங்க உடனே எனாமல் டப்பா ஒண்ணு வாங்கி அது மேலயே அடிச்சுடுறாங்க, மாவு மேல பெயிண்ட் எப்படி நிக்கும், கொஞ்ச நாள்லயே தோல் தோலா உரிஞ்சு வந்துடும்.

முதல்ல ஒரு ஈரத்துணியால துடைச்சுப் பாருங்க. நனைஞ்ச இடத்துல பழைய நீலம் பளிச்சுன்னு தெரிஞ்சா ஜெல் கோட் இன்னும் இருக்கு, பெயிண்டே வேண்டாம். நனைச்சும் உள்ள இருக்கிற ஃபைபர் நூல் தெரிஞ்சா அங்க ஜெல் கோட் தீந்துபோச்சு, தேய்க்காதீங்க, புதுசா ஜெல் கோட் அடிக்கணும்.

நல்லாருக்கிற இடத்துக்கு வருவோம். நல்ல தண்ணியும் சோப்பும் போட்டுக் கழுவுங்க, நம்ம ஊர்ல குடிதண்ணி எவ்வளவு கஷ்டம்னு தெரியும், ஆனா கடல்தண்ணியில கழுவினா உப்பு காஞ்சு நின்னு தேய்க்கும்போது கீறல் போடும். துரு கறைக்கு ஆக்சாலிக் ஆசிட் தண்ணியில கரைச்சுத் தடவலாம், கையுறை கண்டிப்பா போடுங்க.

அப்புறம் ரப்பிங் காம்பவுண்ட் (தேச்சுப் பளபளப்பாக்குற பசை) மட்டும் போட்டு ஒரு சாண் இடத்துல தேச்சுப் பாருங்க. கலர் வந்துட்டா வாட்டர் பேப்பரை (தண்ணி விட்டுத் தேய்க்கிற உப்புத்தாள்) தொடவே வேண்டாம், ஏன்னா ஜெல் கோட் மொத்தமே அரை மில்லிமீட்டர் கனம்தான், தேய்ச்சது திரும்ப வராது. வரலைன்னா 1000 நம்பர், அடுத்து 1500, அடுத்து 2000, சின்னக் கட்டையில சுத்தி தண்ணி ஊத்திக்கிட்டே தேயுங்க. வழியிற தண்ணியைக் கவனிங்க, முதல்ல சுண்ணாம்புத் தண்ணியா வரும், அது நீலமா மாறினதும் கைய எடுத்துடணும். விளிம்புலயும் மூலையிலயும் ஜெல் கோட் சீக்கிரம் தேஞ்சுடும், அங்க மெஷின் வேண்டாம், கையாலயே பண்ணுங்க. மத்த இடத்துல காம்பவுண்ட் போட்டு பஃபிங் மெஷினை மெதுவா ஓட்டி நகத்திக்கிட்டே இருங்க, ஒரே இடத்துல நிறுத்தினா சூட்டுல கருகிடும்.

கடைசியா கார் வேக்ஸ் ரெண்டு கோட், காலையில வெயில் ஏறுறதுக்கு முன்னாடியே போட்டுடுங்க, சூடான வள்ளத்துல போட்டா அப்படியே இறுகிப்போய் துடைக்க வராது. வேக்ஸ் போட்ட பிறகுதான் வெயில் நேரா ஜெல் கோட்டைத் தாக்காம இருக்கும், இதை விட்டுட்டா செஞ்ச வேலை அத்தனையும் வீண்.

பேந்துபோன இடத்தைச் சுரண்டி அசிட்டோன்ல துடைச்சுட்டு ஜெல் கோட் நிரப்புங்க. 1 கிலோ ஜெல் கோட்டுக்கு, அதை இறுக வைக்கிற கேட்டலிஸ்ட் 10லேர்ந்து 20 கிராம், நம்ம வெயிலுக்குக் கம்மியாவே போதும். காத்து பட்டா மேல பிசுபிசுன்னு நிக்கும், அதனால பிளாஸ்டிக் ஷீட் ஒட்டி மூடுங்க. இறுகுறதை வேகப்படுத்துற ஆக்சிலரேட்டரையும் கேட்டலிஸ்ட்டையும் நேரடியா ஒண்ணா ஊத்தவே கூடாது, வெடிக்கும். ஆக்சிலரேட்டரை முதல்ல ஜெல் கோட்ல நல்லா கலக்கிட்டு அதுக்கப்புறம்தான் கேட்டலிஸ்ட்.

தினமும் கரையேத்துற வள்ளத்துக்கு இது போதும். தண்ணியிலயே கட்டிக் கிடக்கிறதுக்கு வேக்ஸ் மட்டும் பத்தாது, தண்ணிக்குள்ள இருக்கிற பக்கத்துல பாசியும் சிப்பியும் ஒட்டாம இருக்க ஆன்ட்டி ஃபவுலிங் பெயிண்ட் அடிச்சே ஆகணும்.

தேய்க்கிற வேலையைத் தண்ணி ஓரத்துல வச்சுக்காதீங்க, தார்ப்பாய் விரிச்சு அந்தக் கழிவை அள்ளிடுங்க. தென்கடல்ல, அதாவது மன்னார் வளைகுடாவுல, நிறைய பவளப்பாறை இருக்கு, அந்தத் தூள் அங்க போகக்கூடாது. வலை இழுக்கிற பக்கத்து விளிம்புதான் முதல்ல மங்கும், அங்க மட்டும் மாசாமாசம் ஒரு கை வேக்ஸ் போட்டுட்டு மத்த இடத்துக்கு மூணு நாலு மாசத்துக்கு ஒரு தடவை போட்டா போதும்.