கடை கண்ணிக்குப் போக சைக்கிளா? முதலில் பின்சக்கரத்தைப் பாருங்கள்

போன வாரம் எதிர்வீட்டுத் தம்பி புது சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து காட்டினான். மேட் கறுப்பு, முன்னால் ஷாக், 21 கியர், தடித்த டயர். "காய்கறி, மாவு மில்லு எல்லாத்துக்கும் இனி இதுதான் அண்ணே" என்றான். நான் குனிந்து பின்சக்கரத்தைப் பார்த்துவிட்டு, "கேரியரை எதுல மாட்டுவ?" என்று கேட்டேன். சிரித்தான். எட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் அப்படித்தான் சிரித்தேன்.

பிரேக் பிடிக்கிறதா, பெல் அடிக்கிறதா என்பதையெல்லாம் நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். கடையில் யாரும் எடுத்துச் சொல்லாததை மட்டும் எழுதுகிறேன்.

கேரியர் மாட்ட இடமில்லாத வண்டி

இதை நினைத்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். மதுரை அண்ணா நகர் உழவர் சந்தை, அதாவது 1999இல் தமிழ்நாட்டிலேயே முதன்முதலாகத் திறந்த உழவர் சந்தை, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். அங்கே போய்வர என்று சொல்லித்தான் வீட்டில் 12,500 ரூபாய் வாங்கி, தம்பியுடையது போலவே ஷாக் வைத்த வண்டி எடுத்தேன். "கேரியர் அப்புறம் மாட்டிக்கலாம் சார்" என்றார் கடைக்காரர். கடைசிவரை மாட்ட முடியவில்லை.

சாதாரண சைக்கிளில் கேரியரின் இரண்டு கால்களும் பின்சக்கர அச்சு நட்டில் இறங்கும். இல்லையென்றால் அதற்குச் சற்று மேலே ஃபிரேமில் உள்ள மரை ஓட்டையில் உட்காரும். என் வண்டியில் ஓட்டையே இல்லை. நட்டு இருக்கவேண்டிய இடத்தில் கையால் மடக்கும் லிவர். இடது பக்கம் டிஸ்க் பிரேக் துருத்திக்கொண்டு நின்றது. பின்னாலும் ஷாக் உள்ள வண்டி இன்னும் மோசம். ஃபிரேமே ஏறி இறங்கும்போது கேரியர் எதைப் பிடித்து நிற்கும்?

விடவில்லை நான். சீட்டுக் குழாயைக் கவ்விப் பிடிக்கும் கேரியர் ஒன்றை 700 ரூபாய்க்கு வாங்கினேன். பத்து கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருந்தது. ஐந்து கிலோ கோதுமை மாவு வைத்தேன். முதல் ஸ்பீடு பிரேக்கரிலேயே கேரியர் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டது. சரி, ஹேண்டில்பாரில் பையைத் தொங்கவிடலாம் என்று பார்த்தால், ஒரு திருப்பத்தில் பை உள்பக்கம் ஆடி முன்சக்கர ஸ்போக்ஸில் சிக்கியது. இரண்டு கிலோ தக்காளி ரோட்டில். பை கிழிந்ததால் பிழைத்தேன். அது கிழியாமல் சக்கரம் நின்றிருந்தால் நான்தான் கிழிந்திருப்பேன்.

ஒரே வருஷத்தில் 4,000 ரூபாய்க்குத் தள்ளிவிட்டேன். அந்த ஷாக்கால் எனக்கு ஒருநாள்கூடப் பயனில்லை. தார் ரோட்டில் அதை வெறும் எடையாகச் சுமந்ததுதான் மிச்சம்.

அதனால் கடையில் நிறத்தைப் பார்ப்பதற்கு முன் குனிந்து அச்சைப் பாருங்கள். கேரியர், மட்கார்டு, செயின் கவர் மூன்றையும் உங்கள் கண்முன்னே மாட்டித் தரச் சொல்லுங்கள். "அப்புறம்" என்ற வார்த்தை வந்தால் அடுத்த வண்டிக்குப் போய்விடுங்கள்.

"லேடீஸ் சைக்கிளா?" என்ற கூச்சம்

கேரியரில் அரிசிப் பையைக் கட்டிவிட்டு, காலைப் பின்னால் வீசி ஏறிப் பாருங்கள். பையை உதைப்பீர்கள், இல்லை வண்டியோடு சாய்வீர்கள். பார் இல்லாத ஃபிரேம் என்றால் காலை நடுவில் விட்டு ஏறிவிடலாம்; வேட்டி, புடவை எதுவானாலும் சிக்கல் இல்லை. நான் இப்போது ஓட்டுவது அதுதான். கரும்பச்சை, பழுப்பு சீட்டு, முன்னால் ஒரு கூடை. ஆரம்பத்தில் கேலி செய்த ஆட்கள் இப்போது எங்கே வாங்கினேன் என்று விசாரிக்கிறார்கள்.

சைடு ஸ்டாண்டு

சுமையோடு நிறுத்தினால் விழும். ரெட்டை ஸ்டாண்டு போடுங்கள்.

26 இஞ்ச் என்றால் எல்லாம் ஒன்று என்று நம்புவது

26க்கு 1⅜ டயர் வேறு, 26க்கு 1.95 டயர் வேறு. முன்னது உட்காரும் ரிம்மின் விட்டம் 590 மி.மீ., பின்னதற்கு 559. ஒன்றை வாங்கி இன்னொன்றில் ஏற்றவே முடியாது. உங்கள் தெரு பஞ்சர் கடையில் எந்த அளவு டயர், டியூப் தொங்குகிறது என்று பார்த்துவிட்டு வண்டி எடுங்கள். டியூபின் மூக்கையும் கவனியுங்கள். ரேஸ் சைக்கிளில் வரும் ஒல்லியான பிரெஸ்டா வால்வாக இருந்தால் பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் குழாய் அதைப் பிடிக்காது.

வெள்ளைக் கைப்பிடி

மூன்று வாரம் வெள்ளையாக இருக்கும்.

நேற்று சாயங்காலம் தம்பி மில்லிலிருந்து வந்துகொண்டிருந்தான். மாவு டின் சீட்டின் மேல் இருந்தது. ஒரு கையால் டின்னை அணைத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையால் 21 கியர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். என்னைப் பார்த்ததும் எதிர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.